எடுத்த படம், எடுத்தாண்ட படம்: வாசகர் கேள்வி பதில்

‘அசல்’, ‘ஆசிரியன்’, ‘ஒரே உண்மை’ என்பவற்றைக் கேள்வி கேட்கும் பின்நவீனத்துவச் சிந்தனை இன்றைய கலைஞர்களின் வேலைமுறையை எப்படி மாற்றியது என்று கேட்டு வந்த கடிதங்களில் ஆறுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: பின்நவீனத்துவம் என்றதும் எங்களுக்குச் சிறுபத்திரிகைகளில் நடந்த இலக்கியச் சண்டைகள்தான் நினைவுக்கு வருகின்றன. படம் வரைகிறவர், புகைப்படம் எடுப்பவர் வேலையில் அது எங்கே தெரிகிறது? ஒரே ஒரு படைப்பை வைத்து விளக்க முடியுமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: முடியும். 1981இல் நியூயார்க்கின் மெட்ரோ பிக்சர்ஸ் காட்சியகத்தில் அமெரிக்கக் கலைஞர் ஷெர்ரி லெவின் மாட்டிய 22 கறுப்பு வெள்ளைப் படங்களை எடுத்துக்கொள்வோம். 1936இல் அலபாமா மாநிலத்தில், நிலம் இல்லாத பருத்திக் குத்தகைக்காரர்களின் குடும்பங்களை வாக்கர் இவான்ஸ் படம்பிடித்திருந்தார். அமெரிக்காவின் 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்துக்கே முகமாகிவிட்ட படங்கள் அவை. லெவின் அலபாமா பக்கம் போகவில்லை. இவான்ஸ் கைப்பட எடுத்த பிரிண்டுகளையும் தேடவில்லை. புத்தகத்தில் அச்சாகியிருந்த படங்களை அப்படியே மறுபடி படமெடுத்து, ‘வாக்கர் இவான்ஸுக்குப் பின்’ என்று பொருள்படும் தலைப்பைக் கொடுத்து, தன் பெயரில் மாட்டினார். வெட்டவில்லை, வண்ணம் ஏற்றவில்லை, கோணத்தை மாற்றவில்லை.

இதற்குப் பின்னால் இருப்பது நம் வாசகர்களுக்கு நன்றாகத் தெரிந்த ‘ஆசிரியனின் மரணம்’: ஒரு படைப்பின் பொருளைத் தீர்மானிப்பவன் எழுதியவன் இல்லை, வாசிப்பவன்தான் என்ற வாதம். பிரெஞ்சு விமர்சகர் ரொலான் பார்த்தின் அந்தக் கட்டுரை 1967இல் முதலில் ஆங்கிலத்தில், ‘ஆஸ்பென்’ என்ற அமெரிக்க இதழில் வந்தது. பிரெஞ்சில் வந்தது அடுத்த ஆண்டுதான். ஆஸ்பென் தைத்த புத்தகமாக வராது, பெட்டியாக வரும். அந்தக் குறிப்பிட்ட பெட்டிக்குள் இசைத்தட்டும் திரைப்படச் சுருளும் இருந்தன. ஆக, இலக்கியப் பேராசிரியர்கள் கைக்குப் போகும் முன்பே அது கலைஞர்களின் மேசைக்கு வந்துவிட்டது. 1976இல் தொடங்கிய ‘அக்டோபர்’ இதழ் பிரெஞ்சுச் சிந்தனையைக் கலை விமர்சனத்துக்குள் கொண்டுவந்தது. 1977இல் விமர்சகர் டக்ளஸ் கிரிம்ப், நியூயார்க்கில் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஸ்பேஸ் என்ற இடத்தில் ‘பிக்சர்ஸ்’ கண்காட்சியை வைத்தார். அதில் பங்கேற்ற ஐவரில் லெவினும் ஒருவர். பின்னாளில் லெவின் எழுதிய சிறு அறிக்கையின் முடிவுகூட பார்த்தின் வரிகள்தான். ‘வாசகன்’ இருந்த இடத்தில் ‘பார்வையாளன்’ வந்திருந்தான். படத்துக்குச் செய்ததையே எழுத்துக்கும் செய்தார்.

கோட்பாடு இங்கே படத்தின் கருப்பொருளாக வரவில்லை, செய்முறையாகவே வந்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். மூலம் எது? அச்சுப் பக்கம். என்ன மாற்றம்? எதுவும் இல்லை. மூலத்தை எங்கே சொல்வது? தலைப்பிலேயே. இந்த மூன்றில் ஒன்றை மாற்றிப் பாருங்கள், படைப்பே வேறாகிவிடும். தலைப்பில் இவான்ஸின் பெயரை மறைத்திருந்தால் அது வெறும் திருட்டு. இவான்ஸின் நெகட்டிவிலிருந்தே பிரிண்ட் போட்டிருந்தால் அது மறுபதிப்பு.

கேள்வி: வீட்டில் பழைய ரவிவர்மா அச்சுப்படங்களும் தாத்தா காலத்து நாள்காட்டிப் படங்களும் இருக்கின்றன. அவற்றை மறுபடி படமெடுத்து ஒரு தொடர் செய்கிறேன். சில படங்களில் அலை அலையாகக் கோடு விழுகிறது, சிலவற்றில் பளபளப்பு. என்ன செய்வது? (கவின்கலை மாணவி, கும்பகோணம்)

பதில்: முதலில் ஒரு பத்து மடங்கு உருப்பெருக்குக் கண்ணாடியை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வகைப் படங்களும் இரண்டு வேறு தொழில்நுட்பங்கள். ரவிவர்மாவின் அச்சகம் 1894இல் பம்பாயில் தொடங்கியது. அங்கே அச்சானவை கல்லச்சுப் படங்கள். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனிக் கல், அதில் கையால் வைத்த புள்ளிகள். கண்ணாடியில் பார்த்தால் புள்ளிகள் ஒழுங்கில்லாமல் மணல் தூவியதுபோல இருக்கும். பின்னால் வந்த ஆஃப்செட் நாள்காட்டிகளில் நான்கு வண்ணப் புள்ளிகள் கட்டம்போட்டு நிற்கும், சிறு பூவிதழ் வட்டங்களாகத் தெரியும். அலைக்கோடு விழுவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான். அச்சின் புள்ளிக் கட்டமும் கேமரா சென்சாரின் பிக்சல் கட்டமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து மோதுவதால் வருவது அது.

தீர்வு எளிது. கேமராவைச் சிறிது முன்னே பின்னே நகர்த்துங்கள். அல்லது படத்தைச் சில டிகிரி திருப்பிவைத்து எடுத்துவிட்டுக் கணினியில் நேராக்குங்கள். ஸ்கேனர் இருந்தால் 600 டிபிஐ அல்லது அதற்கு மேல் ஸ்கேன் செய்து பிறகு அளவைக் குறையுங்கள். கேமராத் திரையில் மட்டும் அலை தெரிந்து, முழு அளவில் பெரிதாக்கினால் மறைகிறது என்றால் கோப்பில் பழுது இல்லை. அது திரையின் கோளாறு.

பளபளப்புக்கு: இரண்டு விளக்குகளைப் படத்தின் இருபுறமும் 45 டிகிரியில், சம தூரத்தில் வையுங்கள். நான்கு மூலையிலும் நடுவிலும் ஒரே அளவு வெளிச்சம் விழுகிறதா என்று வெள்ளைத் தாள் வைத்துச் சோதியுங்கள். கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி தொங்கவிடுங்கள். உங்கள் வெள்ளைச் சட்டையே படத்தில் பிரதிபலிக்கும். சட்டமிட்ட படத்தைக் கண்ணாடியோடு எடுக்காதீர்கள். கண்ணாடி படத்தோடு ஒட்டிப்போயிருந்தால் பிடுங்கவும் வேண்டாம், வண்ணப்படலம் உரிந்து வந்துவிடும். அதைத் துருவமாக்கி வடிகட்டி போட்டு அப்படியே எடுங்கள். தாள் மெலிதாக இருந்து பின்பக்கத்துத் தேதிக் கட்டங்கள் தெரிந்தால் அடியில் கறுப்புத் தாள் வையுங்கள். கேமரா படத்துக்கு இணையாக நிற்கிறதா என்று பார்க்க, படத்தின் இடத்தில் ஒரு சிறு கண்ணாடியைக் கிடத்துங்கள். லென்ஸின் பிம்பம் காட்சியின் நட்டநடுவில் விழுந்தால் நேராக இருக்கிறது.

இனி முக்கியமான கேள்வி: புள்ளிகளை அழிப்பதா, வைத்துக்கொள்வதா? மென்பொருளில் ஒரே சொடுக்கில் அழிக்கலாம். ஆனால் அழித்தால் எதிரே நிற்பது ‘லட்சுமி’ ஆகிவிடும். புள்ளிகள் இருந்தால்தான் ‘லட்சுமியின் அச்சுப்படம்’ என்று தெரியும். உங்கள் தொடர் எதைப் பற்றியது என்பதை இந்த ஒரு முடிவே சொல்லிவிடும். வைத்துக்கொள்வதே சரி என்பது என் எண்ணம்.

எதை வெட்டுவது என்பதும் இப்படிப்பட்ட முடிவுதான். அமெரிக்கக் கலைஞர் ரிச்சர்ட் பிரின்ஸ் நியூயார்க்கில் டைம்-லைஃப் நிறுவனத்தில் பத்திரிகைப் பக்கங்களைக் கத்தரித்துக் கட்டுரையாளர்களுக்குக் கொடுக்கும் வேலையில் இருந்தார். கட்டுரைகள் போனபின் மிஞ்சியவை விளம்பரங்கள். மார்ல்பரோ சிகரெட் விளம்பரத்தின் குதிரைவீரனை, எழுத்துகளும் சிகரெட்டும் வராமல் சட்டகத்தை நெருக்கி மறுபடி படமெடுத்தார். விற்பனைச் சொல் போனதும் அந்த வீரன் எதையோ விற்றுக்கொண்டே, எதை என்று சொல்லாமல் நிற்கிறான். அவரது அந்த வரிசைப் படம் ஒன்று 2005இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 12 லட்சம் டாலரைத் தாண்டியது. ஏலத்தில் 10 லட்சம் டாலரைக் கடந்த முதல் புகைப்படம் அதுவே. நாள்காட்டிப் படத்தில் கடையின் பெயரும் தொலைபேசி எண்ணும் அச்சான கீழ்ப்பட்டையை நீங்கள் வெட்டுகிறீர்களா, வைக்கிறீர்களா? பத்துப் படங்களை இரண்டு விதமாகவும் பிரிண்ட் போட்டுச் சுவரில் மாட்டி, ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

படத்தை எடுத்தாள இன்னொரு வழி, அதற்குள் நீங்களே போய் நிற்பது. பெங்களூரைச் சேர்ந்த புஷ்பமாலா என். 2000 முதல் 2004 வரை, கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து, தென்னிந்தியப் பெண்கள் பற்றிய பிம்பங்களை அப்படித் திரும்ப நடித்தார். ரவிவர்மாவின் நிலவொளிப் பெண், வேளாங்கண்ணி மாதா, அளவுக் கட்டம் போட்ட திரைக்கு முன் நிறுத்தி எடுக்கப்பட்ட 19ஆம் நூற்றாண்டு இனவரைவியல் படம் என எல்லாவற்றிலும் அவரே. வரையப்பட்ட பின்திரை, தைத்த உடை, ஒப்பனை, விளக்கு எல்லாம் மூலத்தைப் பார்த்துச் செய்தவை. இந்த வழியில் அடிக்கடி நடக்கும் பிழை, உடையில் காட்டும் கவனத்தை வெளிச்சத்தில் காட்டாமல் விடுவது. மூலப் படத்தில் மூக்கின் நிழல் எந்தப் பக்கம், எவ்வளவு நீளம் என்று முதலில் அளந்துகொள்ளுங்கள். நிழல் பொருந்தாவிட்டால் மாறுவேடப் போட்டியாகிவிடும்.

கேள்வி: அடுத்தவர் படத்தை எடுத்தாண்டால் வழக்கு வராதா? ‘கோட்பாட்டின்படி செய்தேன்’ என்று நீதிமன்றத்தில் சொல்ல முடியுமா? (புகைப்படக்காரர், கோயம்புத்தூர்)

பதில்: சொல்லலாம், அது மட்டுமே காப்பாற்றாது. அமெரிக்க வழக்குகள் மூன்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆர்ட் ராஜர்ஸ் எடுத்த நாய்க்குட்டிகள் படம் ஒன்று வாழ்த்து அட்டையாக விற்றது. கலைஞர் ஜெஃப் கூன்ஸ் அந்த அட்டையிலிருந்த உரிமைக் குறிப்பைக் கிழித்துவிட்டு, அதை இத்தாலியப் பட்டறைக்கு அனுப்பி, அப்படியே சிற்பமாக்கச் சொன்னார். மூன்று பிரதிகள் மொத்தம் 3,67,000 டாலருக்கு விற்றன. 1992இல் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. பகடி என்ற அவர் வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. பகடி என்றால் எடுத்தாண்ட அந்தப் படத்தைப் பற்றியே ஏதாவது சொல்ல வேண்டும், பொதுவாகச் சமூகத்தைக் கிண்டல் செய்கிறேன் என்பது போதாது என்றது.

2013இல் ரிச்சர்ட் பிரின்ஸ் வழக்கு. பாட்ரிக் கரியூ ஜமைக்காவில் எடுத்த படங்களின்மேல் பிரின்ஸ் ஒட்டியும் வரைந்தும் செய்த 30 படைப்புகளில் 25 ‘நியாயமான பயன்பாடு’, அதாவது அனுமதி இல்லாமலே செய்யத்தக்கவை, என்று மேல்முறையீட்டில் தீர்ப்பானது. மீதி ஐந்தும் மறுவிசாரணைக்குப் போய், 2014இல் சமரசத்தில் முடிந்தன. தனக்குச் செய்தி எதுவும் இல்லை என்றே பிரின்ஸ் சாட்சியம் சொல்லியிருந்தார். கலைஞன் என்ன நினைத்தான் என்பதை ஒதுக்கிவிட்டு, பார்ப்பவருக்கு அது எப்படித் தெரிகிறது என்று நீதிபதிகள் பக்கம் பக்கமாக ஒப்பிட்டார்கள். பார்த்தின் கட்டுரை சட்டப் புத்தகத்துக்குள் நுழைந்த இடம் என்று இதைச் சொல்லலாம்.

மூன்றாவது 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பு, காற்றைத் திருப்பியது. பாடகர் பிரின்ஸை லின் கோல்ட்ஸ்மித் 1981இல் எடுத்த படத்தை, ஒருமுறைப் பயன்பாட்டுக்கு 400 டாலர் கொடுத்து ஒரு பத்திரிகை வாங்கியது. அதைப் பார்த்து அந்தப் பத்திரிகைக்காக ஓவியர் ஆண்டி வார்ஹோல் வரைந்தார். அதே படத்திலிருந்து வார்ஹோல் செய்த இன்னொன்றை 2016இல் அவரது அறக்கட்டளை 10,000 டாலருக்குப் பத்திரிகைக்குக் கொடுத்தபோது கோல்ட்ஸ்மித்துக்கு எதுவும் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் 7க்கு 2 என்ற கணக்கில் கோல்ட்ஸ்மித் பக்கம் நின்றது. கவனிக்க வேண்டியது: பத்திரிகைக்கு உரிமம் விற்றதைத்தான் அது பார்த்தது. அருங்காட்சியகச் சுவரில் மாட்டுவதைப் பற்றி அது முடிவு சொல்லவில்லை.

இந்தியாவில் நிலைமை இன்னும் இறுக்கம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கும் நியாயமான கையாளுதல், சொந்த உபயோகமும் ஆய்வும், விமர்சனம், நடப்புச் செய்தி என்று குறிப்பிட்ட நோக்கங்களுக்குத்தான். ‘உருமாற்றிப் பயன்படுத்தினேன்’ என்ற சொல் சட்டத்தில் இல்லை. ஓவியருக்கும் புகைப்படக்காரருக்கும் உரிமை ஆயுள் முழுதும், இறந்தபின் 60 ஆண்டும். ரவிவர்மா 1906இல் இறந்தார், அவர் ஓவியங்களில் சிக்கல் இல்லை. பலருக்குத் தெரியாத ஒன்று: காசு கொடுத்து ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், 17ஆம் பிரிவின்படி காசு கொடுத்தவர்தான். பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலையைப் படமெடுக்கத் தடையில்லை. சுவரோவியத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. உரிமையை விற்றபின்னும் படைப்பாளியின் மதிப்பைக் குலைக்கும் சிதைவை எதிர்க்க 57ஆம் பிரிவு அவருக்கு இடம் கொடுக்கிறது. வாழும் கலைஞரின் படம் என்றால் கடிதம் எழுதி அனுமதி வாங்குங்கள். எந்த இதழ், எந்தத் தேதி, எந்தப் பக்கம் என்று மூலத்தை முதல் நாளிலிருந்தே குறித்துவையுங்கள். இரண்டு ஆண்டு கழித்து நினைவிலிருந்து எடுக்க முடியாது.

கேள்வி: அருங்காட்சியகத்தில் மிட்டாயைக் குவித்து வைத்து, பார்ப்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்களாம். தீர்ந்துபோனால் படைப்பும் தீர்ந்ததா? எங்கள் கண்காட்சியிலும் அப்படி ஒன்று வைக்க ஆசை. (ஆசிரியர், யாழ்ப்பாணம்)

பதில்: நீங்கள் சொல்வது ஃபெலிக்ஸ் கொன்சாலெஸ்-டோரஸின் 1991ஆம் ஆண்டுப் படைப்பு. சிகாகோ கலைக் கழகத்தில் இருக்கிறது. பல வண்ண செலோஃபேன் சுற்றிய மிட்டாய், மூலையில் குவியலாக. ‘இலட்சிய எடை’ 175 பவுண்டு, ஏறத்தாழ 79 கிலோ. எய்ட்ஸ் நோயில் அதே ஆண்டு இறந்த அவரது துணைவர் ராஸின் உருவப்படம் அது. ஒவ்வொருவரும் ஒன்று எடுக்க எடுக்க உடல் கரைகிறது. பிறகு யாரோ நிரப்புகிறார்கள். உருவப்படம் என்ற பழைய கலை வகை, முகம் இல்லாமல், எடையாக மட்டும் மிஞ்சியிருக்கிறது. இத்தனை நேரடியாக நெஞ்சைத் தொடும் படைப்புகள் அந்தக் காலத்தில் குறைவு.

விற்கப்படுவது மிட்டாய் இல்லை, சான்றிதழ். அமெரிக்கக் கலைஞர் சால் லெவிட்டின் சுவர் ஓவியங்களிலும் 1968 முதலே இதே முறை: வரைபடமும் சான்றிதழும் கையில் இருந்தால் சுவருக்கு வெள்ளையடித்தாலும் படைப்பு அழியாது, வேறு சுவரில் வேறு கைகள் வரையும்.

நீங்கள் செய்வதானால் முதலில் கணக்குப் போடுங்கள். ஒரு மிட்டாய் 5 கிராம் என்றால் 79 கிலோவுக்கு ஏறத்தாழ 16,000 மிட்டாய். நாளுக்கு 300 பேர் ஒன்றொன்று எடுத்தால் குறைவது ஒன்றரைக் கிலோ. கண்காட்சி 20 நாள் என்றால் 30 கிலோ கூடுதலாக வாங்கிவைக்க வேண்டும். கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் சர்க்கரை மிட்டாய் நீர்கோத்து ஒட்டிக்கொள்ளும். முனை முறுக்கிய தாள் பிரியும், எறும்பு வரும். எனவே முனை ஒட்டிய உறையில் வருவதை வாங்குங்கள். சாக்லேட் வேண்டவே வேண்டாம். தரையில் தடித்த பாலித்தீன் விரித்து, இரவில் மூடிவையுங்கள்.

சான்றிதழில் எழுத வேண்டியவை: தலைப்பு, ஆண்டு, இலட்சிய எடை, மிட்டாயின் நிறமும் உறையும், அந்த வகை கடையில் கிடைக்காமல் போனால் மாற்று எதை வைத்துத் தேர்வது, எடுக்க அனுமதி உண்டா, எவ்வளவு குறைந்ததும் யார் நிரப்புவது, விற்றால் உரிமை எப்படி மாறும். ‘ஒருவருக்கு ஒன்று மட்டும்’ என்று பலகை வைக்காதீர்கள். எடுப்பதா வேண்டாமா என்ற தயக்கம்தான் அந்தப் படைப்பின் உயிர். இன்னொன்று: உங்கள் எடை எதன் எடை? அதற்குப் பதில் இல்லாவிட்டால் அது மிட்டாய்க் கடை. அரிசி, உப்பு, பனங்கட்டி என்று உங்கள் மண்ணின் பொருளிலிருந்து அந்தப் பதில் வரக்கூடும்.

கேள்வி: சிறு அருங்காட்சியகம் ஒன்றில் வேலை. புதிதாக வாங்கப் பணம் இல்லை. இருக்கிற பொருட்களை வைத்தே வேறு கதை சொல்ல முடியுமா? (சென்னை)

பதில்: இருப்பதை மட்டும் வைத்துத்தான் அமெரிக்கக் கலைஞர் ஃப்ரெட் வில்சன் 1992இல் பால்டிமோரில், மேரிலாந்து வரலாற்றுச் சங்கத்தில் அந்த வேலையைச் செய்தார். ‘உலோக வேலைப்பாடு, 1793–1880’ என்ற பெட்டியில் வேலைப்பாடு மிகுந்த வெள்ளிக் குடங்கள். நடுவே அடிமைகளுக்குப் பூட்டிய இரும்பு விலங்கு. இரண்டும் அதே சங்கத்தின் சேகரிப்பு. விலங்கு அதுவரை கிடங்கில் கிடந்தது. விளக்கவுரை கிடையாது, வழக்கமான வறண்ட தலைப்பு மட்டும். பெருங்கதையாடல் (எல்லாவற்றையும் விளக்கிவிடும் ஒரே பெரிய கதை), கட்டுடைப்பு (அந்தக் கதை மறைப்பதை வெளிக்காட்டும் வாசிப்பு) என்று நாம் பேசுவதெல்லாம் அங்கே ஒரு பெட்டிக்குள் நடந்துவிட்டது. ‘மரவேலை’ என்ற பகுதியில் அழகிய நாற்காலிகள் சவுக்கடித் தூணைப் பார்த்தபடி போடப்பட்டிருந்தன.

முதல் வேலை பதிவேட்டை வரிவரியாகப் படிப்பது. எது எப்போது யாரிடமிருந்து வந்தது, எது ஒருமுறைகூட வெளியே வரவில்லை என்று குறியுங்கள். இரண்டு மூன்று பெட்டிகளை மட்டும் மாற்றுங்கள். முழுக் கூடத்தையும் மாற்றினால் ஒப்பிட எதுவும் மிஞ்சாது. பெயரட்டையின் எழுத்துருவும் தொனியும் பழையபடியே இருக்கட்டும். புதிய அட்டையில் கருத்துச் சொல்லத் தொடங்குவதுதான் இந்த வகை முயற்சிகள் கெட்டுப்போகும் இடம். ஒவ்வொரு பொருளின் பழைய இடத்தையும் படமெடுத்து எண்ணோடு வையுங்கள். வெள்ளிக்கு அடியில் கம்பளித் துணி விரிக்காதீர்கள், அதிலுள்ள கந்தகம் கறுக்கவைக்கும். ஈயப் பொருளை ஒட்டுப்பலகைப் பெட்டியில் அடைக்காதீர்கள், பலகை வெளிவிடும் அமிலம் அரிக்கும். தாளுக்கும் துணிக்கும் வெளிச்சம் 50 லக்ஸ் போதும்.

சென்னைக்கு ஒரு நேரடிச் சரடு உண்டு. 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளந்து சாதி வாரியாக வகைப்படுத்தியவர். அளவுக் கருவிகளும் அளக்கப்பட்டவர்களின் நகைகளும் ஒரே பெட்டியில் பக்கம் பக்கமாக இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

கேள்வி: கண்காட்சிக் குறிப்புகளில் தெரிதா, போத்ரியா, பிம்பம், பிரதி என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் பெயர்களும் கலைச்சொற்களுமாக நிறைத்துவிடுகிறார்கள். படத்தைப் பார்த்தால் எதுவும் இல்லை. இது ஏமாற்று இல்லையா? (மதுரை)

பதில்: பல நேரம் உங்கள் கோபம் நியாயம். நகல்கள் அசலின் இடத்தையே பிடித்துவிட்டன என்னும் போத்ரியாவின் பாவனைக் கோட்பாட்டை 1980களில் நியூயார்க் ஓவியர்கள் கொண்டாடினார்கள். அவரே 1987இல் விட்னி அருங்காட்சியகத்தில் பேசும்போது, தன் சிந்தனைக்கும் அந்த ஓவியங்களுக்கும் உறவில்லை என்று கைகழுவினார். ஆனால் அந்தக் குழுவின் பீட்டர் ஹாலியை அவ்வளவு எளிதில் ஒதுக்க முடியாது. அவர் பயன்படுத்தியது வீட்டுச் சுவருக்குச் சொரசொரப்புக் கொடுக்கக் கடையில் விற்கும் ‘ரோல்-எ-டெக்ஸ்’ கலவை, அதோடு ஒளிரும் ‘டே-குளோ’ வண்ணம். கை தொட்ட தடமே இல்லாத தயார்ச்சரக்கு மேற்பரப்பு. போத்ரியாவின் பெயரைக் குறிப்பிலிருந்து எடுத்துவிட்டாலும் படத்தில் அந்தச் சிந்தனை மிஞ்சுகிறது. இதுதான் நல்ல சோதனை: பெயர்களை அடித்துவிட்டுக் குறிப்பைப் படியுங்கள். பொருள், அளவு, எங்கிருந்து எடுத்தது, என்ன மாற்றியது, என்ன மாற்றாமல் விட்டது என்ற ஐந்துக்கும் பதில் இருக்கிறதா பாருங்கள். 150 சொல் தாராளம். இல்லாவிட்டால் கோட்பாடு குறிப்பில் மட்டும் குடியிருக்கிறது.

ஐந்துக்கும் பதில் சொல்லும் ஒரு வேலையைக் காட்டுகிறேன். 2001இல் கலைஞர் மைக்கேல் மண்டிபெர்க், லெவின் படமெடுத்த அதே வாக்கர் இவான்ஸ் படங்களை ஸ்கேன் செய்து இரண்டு இணையதளங்களில் போட்டார், ஒன்று இவான்ஸின் பெயரில், மற்றது லெவினின் பெயரில். யார் வேண்டுமானாலும் உயர்தரக் கோப்பை இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். கூடவே உண்மைச் சான்றிதழும் இறங்கும். அதில் கையெழுத்திட வேண்டியவர் அச்சிட்டுக்கொள்பவர்.